பழைய மொறிஸ் மைனருக்குப் புதிய சைலன்சர்

எங்கள் மொறிஸ் மைனர் 2010இல் ஏ9 வீதியால் மாத்தளைக்கு வந்து சேர்ந்தது. அதற்கு முன் பல வருடங்கள் யாழ்ப்பாணத்தில் உறவினர் வீட்டுக் கொட்டிலில் நின்றது. பொருளாதாரத் தடைக் காலத்தில் அப்பா அதை மண்ணெண்ணெயில் ஓட்டினார். காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் செய்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். அந்தப் புகையின் மணம் எப்படி இருக்கும் என்று அக்காலத்தில் குடாநாட்டில் இருந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அழுத்த விகிதம் குறைந்த எஞ்சின் என்பதால் அது தாங்கியது. ஆனால் மண்ணெண்ணெய் முழுதாக ஆவியாகாது. ஒரு பகுதி பிஸ்ரன் வளையங்களைத் தாண்டி எஞ்சின் ஒயிலோடு கலந்துவிடும். இன்னொரு பகுதி கரியாகிக் குழாயில் படியும். எங்கள் காரின் சைலன்சரைக் கழற்றித் தட்டியபோது கரியும் துருத் தூளும் கொட்டின.

கழற்றக் காரணம் அம்மா. பலகடுவ ஏற்றத்தைத் தாண்டி இறங்கும்போது அக்சிலரேற்றரிலிருந்து காலை எடுத்தால், பின்னால் 'டப், டப்' என்று வெடிக்கும். அம்மா ஒவ்வொரு முறையும் தலையைக் குனிந்து முன் இருக்கையைப் பிடித்துக்கொள்வார். பிறகு ஒன்றும் நடக்காதது போல வெளியே பார்ப்பார். நாங்களும் எதுவும் கேட்பதில்லை.

அந்தச் சத்தத்துக்குக் காரணம் எளிது. மனிபோல்டும் முன்குழாயும் சேரும் இடத்தில் இறுக்கம் போனால் வெளிக்காற்று உள்ளே இழுபடும். எரியாத பெற்றோல் ஆவி சூடான குழாய்க்குள் அந்தக் காற்றோடு சேர்ந்து வெடிக்கும். அதே ஓட்டையால் வெளியேறும் புகையில் காபனோரொட்சைட் இருக்கிறது. மணமில்லாத நச்சு வாயு அது. துருப்பிடித்த தரையின் ஓட்டைகளால் காருக்குள் வரும். வெடிச்சத்தத்தை விட இதற்குத்தான் பயப்பட வேண்டும்.

1948இல் அறிமுகமான இந்தக் கார், 1971உடன் இங்கிலாந்தில் ஏறக்குறைய நின்றுபோனது. இன்று கிடைக்கும் சைலன்சர்கள் பிறர் செய்பவை. சாதாரண இரும்பு மலிவு. ஆனால் ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாக வரும். சந்தைக்கும் கோயிலுக்கும் மட்டும் ஓடும் காரில் குழாய் அந்தத் தண்ணீர் காயும் அளவுக்குச் சூடாவதில்லை, உள்ளிருந்தே துருப்பிடிக்கும். அதனால் துருப்பிடிக்காத எஃகில் செய்ததை வாங்கினேன்.

கராஜில் வேலை செய்த தம்பி, "அண்ணே, பெரிய குழாய் போடுவோம், சவுண்ட் சும்மா அதிரும்" என்றார். வேண்டாம் என்றேன். என் காரணத்தைச் சொல்லவில்லை. தொழில்நுட்பக் காரணத்தை மட்டும் சொன்னேன். 1098 சிசி எஞ்சினுக்கு அளவுக்கு மிஞ்சிய குழாய் போட்டால் புகையின் வேகம் குறைந்து, குறைந்த சுழற்சியில் இழுவை போய்விடும். இறத்தோட்டைப் பக்க ஏற்றங்களில் தேவைப்படுவதே அந்த இழுவைதான். புகை தடையின்றிப் போனால் காபரேற்றரின் ஊசியையும் மாற்ற வேண்டி வரலாம். பிளக் நுனி வெளுத்திருந்தால் பெற்றோல் போதவில்லை, மண்ணிறமென்றால் சரி.

பொருத்தும்போது எதையும் முதலில் முழுதாக இறுக்கக் கூடாது. முன்குழாய், சைலன்சர், வால்குழாய் எல்லாவற்றையும் தளர்வாகக் கோர்த்து, இறப்பர் தொங்கல்களில் மாட்டி, காரை அசைத்துப் பார்க்க வேண்டும். எஞ்சின் இறப்பர் தாங்கிகளில் ஆடுவது. குழாய் வலிந்து இழுபட்டு நின்றால் கிளாம்ப் தளரும், இல்லாவிட்டால் குழாய் வெடிக்கும். எங்கும் முட்டவில்லை என்று கண்ட பிறகு, முன்னிருந்து பின்னாக இறுக்கினோம். அப்புறம் எஞ்சினை ஓடவிட்டு, வால்குழாயை ஈரச் சாக்கால் ஒரு கணம் பொத்தினார் தம்பி. மூட்டுகளில் 'இஸ்' என்று கேட்டால் கசிவு. ஒரு மூட்டில் கேட்டது. சூடாறும்வரை காத்திருந்து, பசை பூசி மறுபடி இறுக்கினோம்.

அடுத்த ஞாயிறு கண்டிக்குப் போய்வந்தோம். திரும்பும்போது பலகடுவ இறக்கத்தில் வேண்டுமென்றே காலை எடுத்தேன். அம்மா கச்சான் உடைத்துக்கொண்டிருந்தார்.