முத்தின் வழியே இரு துறைகள்

நுழையும்முன்

போட்டிகளில் சிறந்து விளங்கும் அரசுப் பள்ளி மாணவர்களை, தமிழகப் பள்ளிக் கல்வித்துறை அண்மை ஆண்டுகளில் அயல்நாடுகளுக்குக் கல்விச் சுற்றுலாவாக அழைத்துச் செல்கிறது. அத்தகைய வாய்ப்பு அமையும்போது முதலில் எழும் வினா, எங்குச் செல்வது என்பதாகும். முத்துக்குளித்தலுக்குப் புகழ்பெற்ற தூத்துக்குடிக் கடற்கரை மாணவர், தம் ஊரின் வரலாற்றைத் தொடர்ந்து அறிய விரும்பினால் இரண்டு இடங்கள் அவர் முன் நிற்கும். ஒன்று, இலங்கையின் மன்னார்க் கடற்கரை; மற்றொன்று, ஜப்பானின் தோபா நகரம். இவற்றுள் ஒன்றைத் தேர்வதற்குரிய முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

கொற்கை முதல் தூத்துக்குடி வரை

பொருநையாறு கடலோடு கலக்குமிடத்தில் பாண்டியரின் துறைமுகமாகக் கொற்கை விளங்கியது. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'பெரிப்ளஸ்' என்னும் கடற்பயண நூல், இங்கு முத்துக்குளிக்கும் பணியில் தண்டனை பெற்ற குற்றவாளிகள் ஈடுபடுத்தப்பட்டதாகக் குறிப்பிடுகிறது. அரசர்களின் முடியில் ஒளிர்ந்த முத்துக்குப் பின்னால் மூச்சடக்கி உழைத்த எளிய மனிதர்கள் இருந்தனர் என்பதற்கு இது பழைய சான்றாகும். ஆறு கொணர்ந்த வண்டலால் கடல் விலகியது; கொற்கை உள்நாட்டுச் சிற்றூராயிற்று. அதன்பின் காயல் எழுந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் அங்கு வந்த மார்க்கோ போலோ, முத்துக்குளித்தலை விரிவாக எழுதியுள்ளார். காயலுக்குப் பின் தூத்துக்குடி சிறந்தது. போர்ச்சுகீசியரிடமிருந்து அதனை 1658ஆம் ஆண்டு டச்சுக்காரர் கைப்பற்றினர். பின்னர் அது ஆங்கிலேயர் வசமாயிற்று. ஆட்சிகள் மாறினாலும் கடலடியில் இறங்கிய கைகள் இக்கரை மக்களுடையனவாகவே இருந்தன.

கடலடியில் சிப்பிகள் செறிந்து வாழும் பாறைத்திட்டுகளைப் 'பார்' என்பர். பார்களை ஆய்ந்து, சிப்பிகள் முதிர்ந்துள்ளன என்று உறுதிசெய்த பின்னரே அரசு முத்துக்குளித்தலை அறிவிக்கும். குளிப்பவர் கல்லின் எடையால் விரைந்து கீழிறங்கி, ஒரு நிமிட அளவு மூச்சடக்கிச் சிப்பிகளைக் கூடையில் சேர்ப்பார். கயிற்றைப் பிடித்திருப்பவர் அவரை மேலேற்றுவார். இருவருக்கும் இடையிலான நம்பிக்கையே அத்தொழிலின் அடித்தளமாகும். 1955ஆம் ஆண்டு தொடங்கித் தொடர்ந்து நிகழ்ந்த முத்துக்குளித்தல், 1961ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. அதன்பின் பார்களில் போதிய அளவு சிப்பிகள் திரளவில்லை. அன்று கடலில் இறங்கியவர்களின் அறிவு, எழுதப்படாமலேயே மறைந்துவரும் நிலையில் உள்ளது. எனவே, இரண்டு வினாக்கள் எழுகின்றன. முத்து ஏன் நின்றது? அதனை மீண்டும் விளைவிக்க இயலுமா?

அக்கரை: மன்னார்

முதல் வினாவைக் கொண்டு புறப்படுபவரை மன்னார் அழைக்கிறது. தூத்துக்குடியும் மன்னாரும் ஒரே வளைகுடாவின் இரு கரைகள். அரிப்பு, சிலாவத்துறை, மறிச்சுக்கட்டி ஆகிய ஊர்கள் அக்கரையின் முத்து வரலாற்றைத் தாங்கி நிற்கின்றன. இலங்கையின் முதல் ஆங்கிலேய ஆளுநரான பிரடெரிக் நார்த், முத்துக்குளித்தலை மேற்பார்வையிட அரிப்பில் ஒரு மாளிகை எழுப்பினார். கிரேக்கக் கட்டடக் கலையைப் பின்பற்றிய அம்மாளிகை இன்று இடிபாடுகளாகக் கடலரிப்பின் விளிம்பில் நிற்கிறது.

முத்துக்குளிக்கும் பருவத்தில் மறிச்சுக்கட்டி போன்ற வெற்று மணற்கரையில் திடீரென ஒரு நகரம் தோன்றும். தூத்துக்குடியின் பரதவர், கீழக்கரையின் இசுலாமியர், அரபு நாடுகளிலிருந்து வந்தோர் எனப் பலரும் அங்குக் கூடினர். நீதிமன்றமும் மருத்துவமனையும் கடைத்தெருவும் ஓலைக்கூரையின்கீழ் இயங்கின. எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு குளித்தவர்களுக்கு, எஞ்சியது அரசுக்கு. பருவம் முடிந்ததும் நகரம் கலைந்துவிடும்.

1905ஆம் ஆண்டு அங்கு 8 கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அப்பெருவிளைச்சலைக் கண்டு, மறு ஆண்டே முத்துக்குளிக்கும் உரிமை ஒரு நிறுவனத்திற்கு நீண்டகாலக் குத்தகையாக அளிக்கப்பட்டது. ஆனால், அடுத்த சில ஆண்டுகளிலேயே பார்கள் வறண்டன, நிறுவனம் நிலைக்கவில்லை. இளஞ்சிப்பிகள் கோடிக்கணக்கில் படிவதும், நீரோட்டத்தாலும் மணல் மூடுவதாலும் மீன்களுக்கு இரையாவதாலும் அவை அழிவதும் இவ்வளைகுடாவின் இயல்பு. அவ்வியல்பை உணராமல் எடுத்துக்கொண்டே இருந்தால் என்ன நேரும் என்பதை மறிச்சுக்கட்டியின் வெறுங்கரை காட்டுகிறது.

தொலைதூரத் துறை: தோபா

இரண்டாம் வினாவைக் கொண்டு புறப்படுபவரை ஜப்பானின் மியே மாநிலத்திலுள்ள தோபா அழைக்கிறது. அங்குள்ள சிறுதீவு ஒன்றில் 1893ஆம் ஆண்டு மிக்கிமோட்டோ கோக்கிச்சி என்பவர், சிப்பிக்குள் மனித முயற்சியால் அரைவட்ட முத்தை விளைவித்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜப்பானியர் முழுவட்ட முத்தை உருவாக்கும் நுட்பத்தையும் கண்டறிந்தனர். சிப்பியின் ஓட்டை உருவாக்கும் மெல்லிய உடற்படலத்தில் ஒரு சிறு துண்டையும், ஓட்டிலிருந்து கடைந்த ஒரு மணியையும் மற்றொரு சிப்பியின் உடலுக்குள் வைப்பர். அத்துண்டு வளர்ந்து மணியைச் சூழ்ந்து, அதன்மேல் படலம் படலமாக முத்துப்பொருளைச் சுரக்கும். இதுவே வளர்ப்பு முத்து.

வளர்ப்பு முத்து உலகச் சந்தையை நிறைத்தபோது, பாரசீக வளைகுடாவில் கடலில் மூழ்கி வாழ்ந்த பல்லாயிரம் குடும்பங்களின் பிழைப்பு சரிந்தது. ஒரு கரையின் அறிவியல் வெற்றி, மற்றொரு கரையின் வறுமைக்கு ஒரு காரணமாயிற்று. அதே தோபாவில் 'அமா' எனப்படும் பெண்கள் இன்றும் மூச்சடக்கிக் கடலில் மூழ்கிச் சிப்பிவகைகளையும் கடற்பாசியையும் எடுக்கின்றனர். அவர்களது தொழில்மரபை அந்நாட்டு அரசு பண்பாட்டுச் செல்வமாக அறிவித்துக் காத்துவருகிறது. அறிவியலை வளர்த்த ஊர் பழைய தொழிலின் அறிவையும் போற்றியது என்பது, தூத்துக்குடி மாணவர் கூர்ந்து நோக்கத்தக்க செய்தியாகும்.

தேர்வுக்குரிய அளவுகோல்கள்

இடத்தைத் தேர்வதற்கு முன் நான்கு அளவுகோல்களைக் கருதுதல் நன்று.

முதலாவது, வினா. வினாவின்றிச் செல்பவர் படங்களோடு திரும்புவார். வினாவோடு செல்பவர் விடையோடோ மேலும் கூரிய வினாவோடோ திரும்புவார்.

இரண்டாவது, நேரில் மட்டுமே பெறத்தக்கது எது என்பது. சிப்பிக்குள் மணி வைக்கும் முறையைக் காணொளியிலும் காணலாம். இடிந்த மாளிகையின் அருகே நின்று, தூத்துக்குடிக் கடலை அக்கரையிலிருந்து நோக்கும் காட்சியைக் காணொளியில் பெற இயலாது. அவ்வாறே அமா மகளிர் கடலிலிருந்து எழுந்து மூச்சுவிடும் ஒலியையும் நேரில்தான் உணர இயலும்.

மூன்றாவது, மொழி. மன்னாரில் முதியவர் ஒருவரிடம் மாணவர் தமிழிலேயே உரையாடலாம். பார், சிப்பி, சலாபம் என்னும் சொற்கள் அவருக்கும் உரியவை. தோபாவில் மொழிபெயர்ப்பாளரின் துணை வேண்டும். வினாக்களை முன்னரே எழுதி வைத்திருத்தலும் வேண்டும்.

நான்காவது, பொருளும் காலமும். இலங்கைக்குக் குறைந்த செலவில் சென்று மீளலாம், பயணநேரமும் குறைவு. எனவே, அதே தொகையில் கூடுதல் மாணவர் பங்கேற்க இயலும். ஜப்பானுக்குச் செலவு பன்மடங்காகும். பொதுப்பணத்தில் செல்லும் பயணத்தில் எத்தனை பேர் பயன்பெறுவர் என்பதும் அறம் சார்ந்த வினாவே.

இவ்வளவுகோல்களை ஒருங்கே நோக்கினால், மேல்நிலை வகுப்பு மாணவர் குழுவுக்கு முதற்பயணமாக மன்னாரே பொருந்தும். தம் மொழியில் வினவி, தம் கடலின் மறுபாதியை அவர்கள் அங்குக் கற்கலாம். மீன்வள அறிவியலைத் தொடர்ந்து பயில விரும்பும் மாணவருக்குத் தோபா பின்னாளில் மிகுபயன் தரும். முன்னதைக் கற்றவர்க்கே பின்னதன் அருமை முழுமையாக விளங்கும்.

புறப்படுவதற்கு முன்

அயல்நாட்டுப் பயணத்தின் முதற்கட்டம் சொந்தக் கரையிலேயே தொடங்குகிறது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவியலாளர் கே. அழகர்சாமி, 1973ஆம் ஆண்டு தூத்துக்குடிக்கு அருகிலுள்ள வேப்பலோடையில் வளர்ப்பு முத்தை விளைவித்து வெற்றிகண்டார். 1981ஆம் ஆண்டு முத்துச்சிப்பிக் குஞ்சுகளைப் பொரிப்பகத்தில் உருவாக்கும் முறையும் தூத்துக்குடியில் கைகூடியது. மன்னார் வளைகுடாவின் முத்துச்சிப்பி, ஜப்பானின் அகோயாச் சிப்பிக்கு நெருங்கிய உறவுடையது. இதனை அறியாமல் தோபாவுக்குச் செல்பவர், தம் ஊரில் நிகழ்ந்ததையே அயலூர் அதிசயமாக வியந்து திரும்ப நேரிடும்.

ஆகவே, கொற்கையின் வண்டல் மண்ணையும் பழைய காயலையும் முதலில் காணுதல் வேண்டும். 1906ஆம் ஆண்டு வ.உ. சிதம்பரனார் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கி, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட்டதை நினைவுகூர்தல் வேண்டும். அவர் பெயரை இன்று தாங்கும் துறைமுகம், இரு கரைகளையும் இணைத்த அம்முயற்சியின் சின்னமாகும். அன்று கடலில் இறங்கியவர்களின் குடும்பங்களில் எஞ்சியிருக்கும் முதியவர்களைச் சந்தித்து, அவர்தம் சொற்களையும் நினைவுகளையும் எழுதிக்கொள்ளுதல் வேண்டும். அந்த ஏடே மாணவர் தம்முடன் எடுத்துச் செல்லத்தக்க சிறந்த வழிகாட்டியாகும்.

அக்கரையில் கேட்டவற்றை இக்கரையில் கேட்டவற்றோடு ஒப்பிட்டு எழுதித் திரும்பும் மாணவர், பள்ளி நூலகத்தில் ஒரு பதிவை வைத்துச் செல்வார். எழுதப்படாமல் மறைந்துகொண்டிருக்கும் ஒரு தொழிலின் வரலாற்றுக்கு, அப்பதிவு புதிய ஆவணமாக அமையும்.