சரிந்த தரையில் வளர்ந்த இசை

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றின் கிழக்குக் கரையில் அமைந்த மெம்ஃபிஸ் நகருக்கு வார இறுதியைக் கழிக்க வருவோரில் பலர், எல்விஸ் பிரெஸ்லியின் கிரேஸ்லேண்ட் மாளிகையையும், 1954-இல் அவருடைய முதல் வணிக இசைத்தட்டு பதிவான சன் ஸ்டுடியோவையும், பீல் தெருவின் இரவுக் கச்சேரிகளையும் கண்டு களித்து ஊர் திரும்பிவிடுகின்றனர். அந்நகரின் இசை எத்தகைய மனிதர்களிடமிருந்து, எத்தகைய தெருவிலிருந்து எழுந்தது என்பதை அறிய விரும்புவோர், நகரின் தென்பகுதியில் கிழக்கு மெக்லெமோர் அவென்யூவில் உள்ள ஸ்டாக்ஸ் அமெரிக்க சோல் இசை அருங்காட்சியகத்துக்கு அரை நாளாவது ஒதுக்குவது நல்லது. தேவாலயங்களில் பாடப்படும் காஸ்பல் எனும் பக்திப்பாடலின் உருக்கத்தையும், ரிதம் அண்ட் புளூஸ் எனும் ஆட்ட இசையின் துள்ளலையும் ஒன்றிணைத்து, கருப்பின மக்கள் 1950-களிலும் 60-களிலும் வளர்த்தெடுத்த பாடல்முறையே சோல் இசை எனப்படுகிறது.

வங்கி ஊழியரும் ஃபிடில் வாசிப்பவருமான ஜிம் ஸ்டூவர்ட் 1957-இல் சாட்டிலைட் என்ற பெயரில் சிறு இசைத்தட்டு நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். அவருடைய தமக்கை எஸ்டெல் ஆக்ஸ்டன் தம் வீட்டை அடமானம் வைத்துப் பதிவுக் கருவி வாங்க உதவினார். ஸ்டூவர்ட், ஆக்ஸ்டன் ஆகிய இரு பெயர்களின் முதல் இரண்டிரண்டு ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து 1961-இல் ஸ்டாக்ஸ் என்ற பெயர் அமைந்தது. அதற்கு முந்தைய ஆண்டே அவர்கள் மெக்லெமோரில் மூடிக்கிடந்த கேப்பிடல் என்னும் சினிமா தியேட்டரை வாடகைக்கு எடுத்திருந்தனர். இருக்கைகளை அகற்றிய பின்னும், தரையைச் சமன்படுத்தப் பணமில்லாததால் திரையை நோக்கிச் சரியும் தியேட்டர் தரை அப்படியே விடப்பட்டது. தரையும் கூரையும் ஒன்றுக்கொன்று இணையாக இல்லாத அந்தப் பெரிய கூடத்தில் பதிவான பாடல்களுக்கு, மற்ற நகரங்களின் ஸ்டுடியோக்களில் கிடைக்காத கனமும் நெருக்கமும் வாய்த்தன.

தியேட்டரில் தின்பண்டம் விற்ற இடத்தை ஆக்ஸ்டன் இசைத்தட்டுக் கடையாக மாற்றினார். சுற்றுப்புற இளைஞர்கள் எந்தத் தட்டைக் கேட்டு ஆடுகின்றனர், எதைப் பாதியில் நிறுத்தச் சொல்கின்றனர் என்பதை அவர் அங்கேயே கவனித்து ஸ்டுடியோவில் இருப்போருக்குச் சொல்ல முடிந்தது. இசைத்தொழிலில் இதைவிட நேர்மையான ஆய்வுக்கூடம் ஒன்று இருந்திருக்க இயலாது. அந்த வட்டாரத்துப் பையனான புக்கர் டி. ஜோன்ஸ், 1962-இல் 'கிரீன் ஆனியன்ஸ்' என்ற வாத்திய இசையில் ஆர்கன் வாசித்தபோது அவருக்கு வயது 17. எதிர்ச்சாரியில் இருந்த மளிகைக் கடையில் வேலை பார்த்த டேவிட் போர்ட்டர், பின்னர் ஐசக் ஹேய்ஸுடன் சேர்ந்து 'சோல் மேன்' முதலான பாடல்களை எழுதினார்.

இந்த இசை சுற்றுப்புறத்து எளிய மக்களிடமிருந்தே எழுந்தது என்ற உண்மையை நன்கு உணர்ந்து அருங்காட்சியகத்தின் அமைப்பு திட்டமிடப்பட்டுள்ளது. தொடக்கக் குறும்படம் முடிந்ததும் பார்வையாளர் முதலில் காண்பது இசைத்தட்டுகளையோ ஜிகினா உடைகளையோ அல்ல. மிசிசிப்பி மாநிலத்தின் டங்கன் என்ற சிற்றூரில் ஏறத்தாழ 1906-இல் கட்டப்பட்டு, பிரித்துக் கொண்டுவரப்பட்டு, உள்ளே மீண்டும் பொருத்தப்பட்ட மரத் தேவாலயம் ஒன்றையே காண்கிறார். ஒருவர் பாட, சபையார் எதிர்ப்பாட்டுப் பாடிக் கைதட்டும் காஸ்பல் முறை இத்தகைய எளிய கோயில்களில்தான் வளர்ந்தது என்பதால், இதைக் கடந்து ஸ்டாக்ஸ் பாடகர் ஓடிஸ் ரெடிங்கின் குரலைக் கேட்பவருக்கு அதன் பிறப்பிடம் தனியே விளக்கப்பட வேண்டியதில்லை. அடுத்து வருவது சரிந்த தரையோடு மீண்டும் அமைக்கப்பட்ட ஸ்டுடியோ. 1962-இல் வேறொரு கலைஞரின் காரோட்டியாக இங்கு வந்த ரெடிங், பதிவு நேரத்தின் இறுதியில் கிடைத்த வாய்ப்பில் பாடியே அறிமுகமானார் என்பதை அந்தத் தரையின் சரிவில் நின்றபடி எண்ணிப் பார்ப்பது தனி அனுபவம்.

நிறப்பாகுபாடு சட்டமாகவும் வழக்கமாகவும் இருந்த நகரில், இரு கருப்பினத்தவரும் இரு வெள்ளையரும் கொண்ட புக்கர் டி. அண்ட் தி எம்.ஜி.ஸ் குழு இக்கூடத்தில் அன்றாடம் ஒன்றாக வாசித்தது. வெளியில் அவர்கள் சேர்ந்து தங்கவும் உண்ணவும் இடமளித்த சில இடங்களுள் லொரேன் மோட்டலும் ஒன்று. ஸ்டாக்ஸின் 'நாக் ஆன் உட்' பாடல் அங்கேதான் எழுதப்பட்டது. அதே மோட்டலின் மாடி முகப்பில்தான் 1968 ஏப்ரல் 4 அன்று மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக்கொல்லப்பட்டார். இன்று தேசியக் குடிசார் உரிமைகள் அருங்காட்சியகமாக விளங்கும் அவ்விடத்தைப் பார்க்காமல் ஸ்டாக்ஸை மட்டும் பார்ப்பது, கதையின் பாதியை விட்டுவிடுவதாகும்.

அக்காலம் நிறுவனத்துக்கும் பேரிடராக அமைந்தது. 1967 டிசம்பர் 10 அன்று விஸ்கான்சினில் விமானம் ஏரியில் விழுந்து, ரெடிங்கும் அவருக்குப் பின்னணி வாசித்த பார்-கேஸ் குழுவினர் பெரும்பாலோரும் இறந்தனர். சில நாள் முன்பு ரெடிங் பாடிப் பதிவான 'டாக் ஆஃப் தி பே' அவர் மறைவுக்குப் பின் வெளியாகி அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பெற்றது. 1968-இல் அட்லாண்டிக் நிறுவனத்துடனான விநியோக உடன்படிக்கை முறிந்தபோது, மாஸ்டர் எனப்படும் மூல ஒலிப்பதிவுகளின் உரிமை அந்நிறுவனத்துக்கே சேரும் என்ற ஷரத்தை ஸ்டூவர்ட் காலங்கடந்து அறிந்தார். உழைத்துப் பாடியவர்களின் கையைவிட்டு அவர்களுடைய பாட்டே போய்விட்ட இச்செய்தி, இசைத்தொழிலின் வரலாற்றில் மிகக் கசப்பான பாடங்களுள் ஒன்று.

அதன் பிறகும் நிறுவனம் எழுந்தது. 1972-இல் ஆஸ்கர் விருது பெற்ற ஹேய்ஸின் பொன்முலாம் பூசிய, உள்ளே மென்மயிர் விரித்த நீலநிற கேடிலாக் கார் அருங்காட்சியகத்தில் ஒரு மேடைமேல் மெல்லச் சுழல்கிறது; அதே ஆண்டு லாஸ் ஏஞ்சலஸில் ஒரு டாலர் கட்டணத்தில் நடந்த வாட்ஸ்டாக்ஸ் விழாவில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் திரண்டனர். ஆயினும் கடன் சுமையால் 1975 டிசம்பரில் ஸ்டாக்ஸ் மூடப்பட்டது. 1989-இல் கட்டடமும் இடிக்கப்பட்டது.

2003-இல் திறக்கப்பட்ட இன்றைய அருங்காட்சியகம், ஆகவே, பழைய இடத்தில் எழுந்த புதிய கட்டடமே. அசல் சுவர்கள் நிற்கும் சன் ஸ்டுடியோவோடு ஒப்பிட்டு இதைப் போலி என்று ஒதுக்குவோர் உண்டு. அவ்வாறு ஒதுக்குவது சரியன்று. ஏனெனில் கருப்பின மக்கள் வாழும் பகுதிகளின் கட்டடங்கள் பேணப்படாமல் அழிந்ததும் இவ்வரலாற்றின் ஒரு பகுதியே, அதை மீட்டெடுத்த முயற்சியும் அவ்வாறே. அருகிலேயே இயங்கும் ஸ்டாக்ஸ் மியூசிக் அகாடமியில் மெம்ஃபிஸின் இளைஞர்கள் பாட்டும் வாத்தியமும் பயில்கின்றனர். அவர்களுடைய நிகழ்ச்சி ஏதேனும் நடைபெறும் நாளாகப் பார்த்துப் பயணத்தை அமைத்துக்கொள்வது சிறப்பு.