மன்னார் வெயிலிலும் உடம்பை ஏன் உஷ்ணப்படுத்த வேண்டும்?

பின்னேரமாகியும் மன்னார்த் தீவில் வெக்கை தணியவில்லை. சைக்கிளில் வந்து இறங்கிய பொடியன், நேரே வலையடிக்குப் போய்க் கரப்பந்தை அறையத் தொடங்குகிறான். ஏற்கெனவே வியர்த்த உடம்பை இன்னும் உஷ்ணப்படுத்த வேண்டுமா?

கட்டாயம் வேண்டும். வெயில் முதலில் சுடுவது தோலைத்தான். சும்மா இருக்கும் தொடைத் தசையின் சூடு, உடலின் உட்சூடான 37 பாகையை விடக் குறைவு. அதை வேகமாக ஏற்றுவது தசையின் சொந்த உழைப்பே. அது செலவிடும் சக்தியில் பெரும்பகுதி வெப்பமாகவே வெளிவருகிறது. தசைச்சூடு 1 பாகை கூடினால் பாய்ச்சல் போன்ற செயல்களின் திறன் 2 முதல் 5 சதவீதம் வரை உயரலாம். நரம்புச் செய்தியும் விரைகிறது. ஆண்களின் வலை 2.43 மீற்றர் உயரம் என்பதால் இந்தச் சிறு ஏற்றமும் பெரிது.

உஷ்ணப்படுத்தும் நேரத்தைக் காயம் தவிர்க்கவும் பயன்படுத்தலாம். கரப்பந்தாட்டத்தில் அடிக்கடி அடிபடுவது கணுக்கால். தடுக்கப் பாய்ந்தவர் இறங்கும்போது இன்னொருவரின் பாதத்தை மிதிக்கிறார், கால் உட்பக்கம் புரள்கிறது. 2004இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், சமநிலைப் பலகைப் பயிற்சி செய்த கரப்பந்து வீரர்களுக்குக் கணுக்கால் சுளுக்கு குறைந்தது. முன்பே சுளுக்கியவர்களுக்கே பலன் அதிகம். பலகை இல்லாதவர்கள் ஒற்றைக்காலில் நின்று பந்தைப் பரிமாறிப் பழகலாம்.

மெல்லோட்டம், தோள் சுழற்றல், சிறு பாய்ச்சல், பிறகு முழுப் பாய்ச்சல், கடைசியில் அறைதல் என்று படிப்படியாகப் போவதே நல்லது. ஒரே நிலையில் ஒரு நிமிடத்துக்கு மேல் தசையை இழுத்துப் பிடித்தால் பாய்ச்சல் குறையும். அதை ஆட்டம் முடிந்தபின் செய்யலாம். மன்னார் வெக்கையில் பத்துப் பதினைந்து நிமிடம் போதும், இடையிடையே தண்ணீர் குடிக்க வேண்டும். வாங்கில் காத்திருக்கும் மாற்று வீரரின் தசை மீண்டும் ஆறிவிடும். களமிறங்குமுன் அவரும் ஓரமாக ஓடிப் பாய்ந்துகொள்ள வேண்டும்.