கருவிக்கு எழுதும் விளக்கக் குறிப்பு

கணக்கு அலுவலகமொன்றில் புதிதாய்ச் சேர்ந்த எழுத்தர், வாடிக்கைக் கம்பெனிகள் யாவை என்பதில் ஐயமுற்றால் பக்கத்து மேசையில் கேட்டறிவார். அப்பணியை ஏற்கும் செயற்கை நுண்ணறிவு முகவர் நிரலுக்கு அவ்வாய்ப்பு இல்லை. பட்டியலை எடுத்துத் தரும் மென்பொருள் கருவியின் உள்ளமைப்பை அது பொதுவாகக் காண்பதில்லை. கருவியுடன் எழுதி வைத்த குறிப்பையே காண்கிறது.

2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால் என்னும் நெறிமுறை, இத்தகைய கருவிகளை முகவர் நிரலுடன் இணைக்க உதவுவது. கருவியின் பெயர், விளக்கம், அது ஏற்கும் உள்ளீடுகளின் அமைப்பு ஆகியவை அதன்வழித் தரப்படுகின்றன.

‘கம்பெனிகளைப் பட்டியலிடும்’ என்ற ஒரு வரி விளக்கம் போதாது. நடப்பிலுள்ளவை மட்டுமா, விலகியவையும் உண்டா? ஒரு தடவைக்கு 50 பெயர்களே வருமாயின், எஞ்சியவற்றைப் பெறுவது எங்ஙனம்? இதைக் கூறாவிடில், 51-ஆவது கம்பெனி இல்லையென்றே நிரல் முடிவு செய்யக்கூடும். ஒத்த பெயருடைய கம்பெனிகளைப் பிரித்தறிய அடையாள எண் உண்டா என்பதும் கூறப்படல் வேண்டும். இன்றேல் ஒருவர் கணக்கு மற்றொருவருக்குச் சென்றுவிடலாம். கருவி எதையும் மாற்றாது, படித்துக் காட்டுவது மட்டுமே எனின், அதையும் எழுதுக. ஆயினும் குறிப்பு பூட்டாகாது. யார் எதைக் காணலாம் என்பதைக் கருவியே சோதித்தல் வேண்டும்.

குறிப்பைச் சோதிக்க எளிய வழி ஒன்றுண்டு. அலுவலகத்தை அறியாத ஒருவரிடம் அதை மட்டும் கொடுத்து, கருவியை எப்போது, எவ்வாறு பயன்படுத்துவீர் எனக் கேளுங்கள். அவர் தடுமாறும் இடமே திருத்த வேண்டிய இடம். மாணவருக்குச் செய்முறைக் குறிப்பு எழுதித் தரும் ஆசிரியர் இதனை நன்கறிவர்.