எசுப்பெராந்தோவில் ஒரு வாக்கியம்

இலக்கணம் என்றதும் அஞ்சி ஒதுங்கும் மாணவரை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். தேர்வு முடிந்தபின் வேற்றுமையால் யாது பயன் என்பதே அவர்தம் வினா. புதியதொரு மொழியில் வாக்கியம் அமைத்துப் பார்ப்பின் விடை தானே புலனாகும்.

அன்றைய உருசியப் பேரரசின் பியாலிஸ்டோக் நகரில் 1859இல் பிறந்தவர் சாமென்ஹோஃப், கண் மருத்துவர். உருசியர், போலந்தியர், செருமானியர், யூதர் ஆகியோர் மொழியால் பிரிந்து பகைத்து வாழ்ந்ததைக் கண்டு வருந்தியவர். அனைவர்க்கும் பொதுவான இரண்டாம் மொழியாக எசுப்பெராந்தோவை ஆக்கி 1887இல் வெளியிட்டார். அதன் அடிப்படை விதிகள் பதினாறே.

பெயர்ச்சொல் 'ஓ' என முடியும். பெயரடை 'ஆ' என முடியும். வினையின் இறுதியில் நிகழ்காலத்திற்கு 'அஸ்', இறந்தகாலத்திற்கு 'இஸ்', எதிர்காலத்திற்கு 'ஓஸ்' வரும். 'மாணவன் புத்தகத்தைப் படிக்கிறான்' என்பதை, 'லா ஸ்டுடென்டோ லேகஸ் லிப்ரோன்' என்பர். 'லா' என்பது குறித்த ஒருவனைச் சுட்டும் சொல். 'லிப்ரோ' என்பது புத்தகம்; அதனோடு சேர்ந்த 'ன்', நம் இரண்டாம் வேற்றுமை 'ஐ' உருபின் தொழிலைச் செய்கிறது. ஆதலின், 'லிப்ரோன் லேகஸ் லா ஸ்டுடென்டோ' எனச் சொற்களை முன்பின்னாக மாற்றினும் பொருள் மாறுவதில்லை. 'புத்தகத்தைப் படிக்கிறான் மாணவன்' என்று நாம் கூறுவதும் இவ்வாறே.

வேறுபாடுகளும் உண்டு. 'புதிய புத்தகத்தை' என்பதில் நாம் பெயருக்கு மட்டுமே உருபு சேர்க்கிறோம். அங்கே 'நோவான் லிப்ரோன்' எனப் பெயரடையும் உருபேற்கும். நான், நீ, அவன் என எழுவாய் மாறினும் வினை 'லேகஸ்' என்றே நிற்கும். எனவே எழுவாயை வெளிப்படக் கூறியே ஆகவேண்டும். 'படிக்கிறேன்' என்ற ஒரு சொல்லிலேயே 'நான்' என்பதை உணர்த்தும் தமிழ் வினைமுற்றின் வளம் இங்கே விளங்குகிறது. தோன்றா எழுவாய் என நம் இலக்கணம் கூறுவது இதனையே.

1954இல் யுனெஸ்கோ இம்மொழி இயக்கத்தின் பணியைப் பாராட்டித் தீர்மானம் நிறைவேற்றியது. நம் நாட்டு மொழியியலறிஞர் புரோபால் தாஸ்குப்தா 2007 முதல் 2013 வரை உலக எசுப்பெராந்தோ சங்கத்தின் தலைவராக விளங்கினார்.

தமிழோடு கன்னடமும் தெலுங்கும் உருதுவும் ஒலிக்கும் வட்டாரம் நம் பென்னாகரம். மொழிகளின் வேறுபாட்டை இறைவனின் அத்தாட்சிகளுள் ஒன்றாகத் திருமறை உரைக்கிறது. அண்டை வீட்டார் மொழியாயினும் ஆங்கிலமாயினும், 'இதன் எழுவாய் எது? செயப்படுபொருளைக் காட்டும் குறி எது? வினை காலத்தை எங்கே காட்டுகிறது?' எனும் மூன்று வினாக்களோடு அணுகுக. அச்சம் அகலும். அவ்வினாக்களைக் கேட்கக் கற்றுத்தந்தது, தேர்வுக்கென நாம் மனனம் செய்த தமிழ் இலக்கணமே அன்றோ!