பின் ஸீட்டில் எஞ்சின்!

விரிஞ்சிபுரம் வழித்துணைநாதரைத் தரிசிக்கக் குழந்தை குட்டிகளோடு சின்னக் காரில் கிளம்புகிறீர்கள். பின் ஸீட்டில் பாட்டியும் புளியோதரை டப்பாவும். அந்த ஸீட்டையே பிடுங்கிவிட்டு, அங்கே எஞ்சினைத் தூக்கி வைத்தால்?

பிரான்சின் ரெனோ கம்பெனியார் 1980-ல் தங்கள் 'ரெனோ 5' குடும்பக் காருக்கு அதைத்தான் செய்தார்கள். கூடவே 'டர்போ' என்று ஒன்று. பயந்துவிடாதீர்கள், அது அடுப்பங்கரை ஊதுகுழல்தான்! வெளியேறும் புகையின் வேகத்தில் ஒரு சக்கரம் சுழன்று, எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும். காற்று கூடினால் பெட்ரோலும் கூடுதலாக எரியும். பலம் 160 குதிரை சக்தி! 1981-ல் மாண்டி கார்லோ ராலியில் அந்தக் கார் முதலாவதாக வந்தது. பாட்டிக்குத்தான் இடமில்லை.

நம் கோயமுத்தூர் கரிவர்தன் வேறு வழி கண்டார். கார்ப் பந்தயம் என்றாலே பணக்காரர் விளையாட்டு என்றிருந்த காலம் அது. மாருதி 800-ன் எஞ்சினை எடுத்து, லேசான கூட்டில், ஒரே ஸீட்டோடு பொருத்தினார். 'ஃபார்முலா மாருதி' பிறந்தது. ஊதுகுழல் கிடையாது, பாரம் குறைந்ததிலேயே வேகம். ஸ்ரீபெரும்புதூரில் அந்தப் பந்தயத்தில் தொடங்கிய பையன்தான் நரேன் கார்த்திகேயன். 2005-ல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் இறங்கிய முதல் இந்தியர் அவர். அதைப் பார்க்கக் கரிவர்தனுக்குக் கொடுத்துவைக்கவில்லை. 1995-ல் விமான விபத்தில் காலமாகிவிட்டார். செட்டிபாளையத்துப் பந்தயப் பாதைக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.