குறிப்பு வரி கட்டளையாக மாறியபோது

நூலகமொன்றின் பதிவுகளைப் பிரதியெடுத்து வைப்பதற்காகச் சி மொழியில் சிறிய நிரலொன்றை எழுதியிருந்தேன். கோப்பொன்றில் வரிக்கு ஒன்றாக இருக்கும் கட்டளைகளை வாசித்து நிறைவேற்றுவதே அதன் வேலை. ‘பிரதியெடு’, ‘அழி’ எனக் கட்டளைகளைத் தமிழிலேயே வைத்திருந்தேன். ‘#’ அடையாளத்துடன் தொடங்கும் வரி மனிதர்களுக்கான குறிப்பு. நிரல் அதைத் தாண்டிச் செல்ல வேண்டும். நீண்ட குறிப்பொன்றை எழுதிய அன்று, ‘தெரியாத கட்டளை’ என்று சொல்லி நிரல் நின்றுவிட்டது.

தவறு என்னுடையதுதான். ஒரு வரியை வாசிக்க 256 பைட் கொண்ட பஃபரை, அதாவது தற்காலிக நினைவிடத்தை, ஒதுக்கியிருந்தேன். முடிவுக்குறிக்கு ஒன்று போக, மிஞ்சுவது 255 பைட். ஆங்கிலத்தில் அது 255 எழுத்துகள். யூடிஎஃப்-8 முறையிலோ ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட் தேவை. ‘அம்மா’ நமக்கு மூன்றெழுத்து. கணினிக்கு அ, ம, புள்ளி, ம, கால் என 5 குறியீடுகள், 15 பைட். ஆக, 85 குறியீடுகளில் இடம் நிரம்பிவிடும். குறிப்பின் மிகுதி அடுத்த வாசிப்பில் புதிய வரிபோல வந்தது. அதன் முன்னால் ‘#’ இல்லாததால் நிரல் அதைக் கட்டளையாக எடுத்துக்கொண்டது. அந்தக் குறிப்பில் ‘அழி’ என்ற சொல்லும் இருந்தது. வெட்டு அதற்குச் சற்று முன்னால் விழுந்திருந்தால் பதிவுகள் போயிருக்கும்.

என் நிரல் வரியை வெட்டியதோடு நின்றது. அளவையே பார்க்காத நிரல்களில் ஆபத்து இன்னும் பெரிது. 1988 நவம்பரில் பரவிய மொரிஸ் வேர்ம் யுனிக்ஸ் கணினிகளுக்குள் நுழைந்த வழிகளில் ஒன்று, ‘ஃபிங்கர்’ சேவையின் 512 பைட் பஃபரை நிரம்பி வழியச் செய்வது. அதற்கு இடமளித்த ‘கெட்ஸ்’ செயற்பாடு 2011ஆம் ஆண்டின் சி தரநிலையில் நீக்கப்பட்டது.

256ஐ 1024 ஆக்கினால் சிக்கல் தள்ளிப்போகுமே தவிர தீராது. எனவே மூன்று மாற்றங்களைச் செய்தேன். இடம் நிரம்பும்போதெல்லாம் ‘ரியலாக்’ மூலம் அதை இரட்டிப்பாக்கினேன். குறிப்புக்குள் நுழைந்தால், வரிமுடிவு வரும்வரை எதையும் சேமிக்காமல் வாசித்துக் கழித்தேன். மேற்கோள் குறிகளுக்குள் வரும் ‘#’ தரவின் பகுதி என்பதால் அதைத் தொடவில்லை.

எல்லையே இல்லாமலும் விடக்கூடாது. பழுதான கோப்பொன்று நினைவகம் முழுவதையும் விழுங்கிவிடும். ஒரு வரிக்கு 1 மெகாபைட் என உச்சவரம்பு வைத்தேன். அதைத் தாண்டினால் நிரல் வெட்டாது; வரி எண்ணைச் சொல்லி நின்றுவிடும்.

நீங்கள் எழுதும் நிரலையும் ஒருமுறை நீண்ட தமிழ் வரியொன்றைக் கொடுத்துச் சோதித்துப் பாருங்கள்.